முற்றிய மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் சிகிச்சையின் வரிசை

முற்றிய மார்பகப் புற்றுநோயில் ஹார்மோன் சிகிச்சையின் வரிசை என்பது, மார்பகத்தில் தோன்றி எலும்பு, நுரையீரல், கல்லீரல் போன்ற பிற உறுப்புகளுக்குப் பரவிய, ஹார்மோனைச் சார்ந்து வளரும் புற்றுநோய்க்கு எந்த மருந்தை முதலில் கொடுப்பது, அதன் பலன் நின்றபின் அடுத்து எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யும் முறையாகும். இந்த நிலையில் நோயை முழுமையாக நீக்குவது பெரும்பாலும் இயலாது. ஆனாலும் பலர் வீட்டிலிருந்தபடியே மாத்திரை உட்கொண்டு, அன்றாட வேலைகளைச் செய்துகொண்டு சில ஆண்டுகள் வாழ முடிகிறது. ஒவ்வொரு மருந்தும் ஒரு குறிப்பிட்ட காலம் வரையே பலன் தரும். ஆகவே கையிலுள்ள மருந்துகளை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பது நோயாளியின் ஆயுளையும் அந்த ஆயுளின் தரத்தையும் பாதிக்கும் முடிவாகிறது.

இந்த வரிசை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நோய் எவ்வளவு வேகமாக வளர்கிறது, இதற்கு முன் எந்த மருந்து எவ்வளவு காலம் பலன் தந்தது, மாதவிடாய் நின்றுவிட்டதா, புற்றுநோய்ச் செல்லில் எந்த மரபணு மாறியுள்ளது, வேறு என்ன நோய்கள் உள்ளன ஆகியவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

இக்கட்டுரையில் "கட்டம்" என்ற சொல், ஒரு மருந்தோ மருந்துச் சேர்க்கையோ தொடங்கி அதன் பலன் நிற்கும் வரையிலான காலத்தைக் குறிக்கிறது. நோயின் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று கூறப்படுவது வேறு. மேலும் இக்கட்டுரை, ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 புரதம் மிகுதியாக இல்லாத புற்றுநோயைப் பற்றியது. ஹெர்-2 மிகுந்த புற்றுநோய்க்கு வேறு மருந்துகள் முதன்மை பெறுகின்றன.

அடிப்படை

மார்பகப் புற்றுநோய்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றில், செல்களுக்குள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்னும் புரதம் காணப்படுகிறது. ஏற்பியைப் பூட்டு என்று கொண்டால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனே அதன் சாவி. சாவி பூட்டில் பொருந்தியதும் செல் பிரிந்து பெருகுவதற்கான கட்டளை பிறக்கிறது. ஹார்மோன் சிகிச்சை இதை மூன்று வழிகளில் தடுக்கிறது.

1. சாவி உருவாகாமல் தடுத்தல். சினைப்பையை அகற்றுவது அல்லது அதன் இயக்கத்தை ஊசி மருந்தால் நிறுத்துவது, அரோமட்டேஸ் தடுப்பிகளைக் கொடுப்பது ஆகியவை இவ்வகை.
2. பூட்டை அடைத்தல். டாமோக்சிபென் ஏற்பியில் அமர்ந்துகொண்டு ஈஸ்ட்ரோஜனுக்கு இடம் விடுவதில்லை.
3. பூட்டையே அழித்தல். புல்வெஸ்ட்ரன்ட் போன்றவை ஏற்பியுடன் இணைந்து அதைச் சிதையச் செய்கின்றன.

இவற்றின் பலன் ஒருநாள் நிற்பதற்குக் காரணம், புற்றுநோய்ச் செல்கள் மாற்று வழி கண்டுபிடிப்பதே. சில செல்களில் ஏற்பியின் மரபணு மாறி, சாவி இல்லாமலே பூட்டு திறந்தபடி இருக்கும். வேறு சில, ஏற்பியை விட்டுவிட்டு வேறு வளர்ச்சிப் பாதையைப் பயன்படுத்தும். எந்த வழியில் செல் தப்பியது என்பதைக் கண்டறிந்து அந்த வழியை மூடும் மருந்தை அடுத்துக் கொடுப்பதே இன்றைய வரிசைமுறையின் அடிப்படைக் கருத்து.

வரலாறு

1896 ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களின் சினைப்பைகளை அகற்றியபோது கட்டிகள் சுருங்கியதை லான்செட் இதழில் வெளியிட்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அப்போது கண்டறியப்படவே இல்லை. 1944 இல் அலெக்சாண்டர் ஹாடோ, மிகுந்த அளவில் செயற்கை ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலும் சிலருக்குக் கட்டி சுருங்குவதைக் காட்டினார். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அமெரிக்காவின் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கண்டறிந்த பின்னரே, யாருக்கு இச்சிகிச்சை பலன் தரும் என்பதை முன்கூட்டி அறிய முடிந்தது.

டாமோக்சிபென் 1960களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் கருத்தடை மருந்து ஆராய்ச்சியில் உருவானது. மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்த முடிவு 1971 இல் வெளிவந்தது. அமெரிக்காவில் 1977 இல் அனுமதி பெற்றது. அரோமட்டேஸ் தடுப்பிகளான அனஸ்ட்ரசோல், லெட்ரோசோல், எக்செமெஸ்டேன் ஆகியவை 1990களின் பிற்பகுதியில் வந்தன. முதலில் அவை டாமோக்சிபென் பலனளிக்காதவர்களுக்கான இரண்டாம் கட்ட மருந்துகளாகவே இருந்தன. 2001 இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரோசோல் 41 வாரங்களும் டாமோக்சிபென் 26 வாரங்களும் நோயைக் கட்டுப்படுத்தின. அதன்பின் வரிசை தலைகீழானது: அரோமட்டேஸ் தடுப்பி முதலிலும் டாமோக்சிபென் பின்னரும் என்றாயிற்று.

மருந்துகளின் வரிசை நிலையானதல்ல, புதிய சான்று வரும்போது மாறும் என்பதற்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு. 2015 இல் பால்போசிக்லிப் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது வரிசை மீண்டும் மாறியது.

இக்கட்டுரையில் தரப்படும் மாதக் கணக்குகள் இடைநிலை அளவுகள். அதாவது ஆய்வில் பங்கேற்றோரில் பாதிப்பேர் அதைவிடக் குறைந்த காலமும் மீதிப்பேர் அதைவிட அதிகக் காலமும் பலன் பெற்றனர் என்று பொருள். தனி ஒருவருக்கு விதிக்கப்பட்ட கெடுவாக அவற்றைக் கொள்ளக்கூடாது.

மருந்து வகைகள்

டாமோக்சிபென்: நாள்தோறும் 20 மி.கி. மாத்திரை. மாதவிடாய் நிற்காதவர்க்கும் கொடுக்கலாம். கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைதல், கருப்பை உட்சுவரில் மாற்றம் ஆகியவை அரிதான, ஆனால் கவனிக்க வேண்டிய பக்கவிளைவுகள்.

அரோமட்டேஸ் தடுப்பிகள்: அனஸ்ட்ரசோல் 1 மி.கி., லெட்ரோசோல் 2.5 மி.கி., எக்செமெஸ்டேன் 25 மி.கி. என நாள்தோறும் ஒரு மாத்திரை. மாதவிடாய் நின்றபின் கொழுப்புத் திசு போன்ற இடங்களில் உண்டாகும் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கின்றன. மூட்டுவலி, எலும்பு தேய்மானம் ஆகியவை முக்கியப் பக்கவிளைவுகள்.

புல்வெஸ்ட்ரன்ட்: இரு புட்டங்களிலும் போடப்படும் ஊசி. மொத்தம் 500 மி.கி. முதல் மாதத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறையும் பின்னர் மாதம் ஒருமுறையும் போடப்படுகிறது.

சி.டி.கே. 4/6 தடுப்பிகள்: பால்போசிக்லிப், ரிபோசிக்லிப், அபெமாசிக்லிப் ஆகிய மூன்றும் செல் பிரிதலை நிறுத்தும் மாத்திரைகள். இவை ஹார்மோன் மருந்துகள் அல்ல; அவற்றுடன் சேர்த்துக் கொடுக்கப்படுபவை. முதல் இரண்டும் மூன்று வாரம் உட்கொண்டு ஒரு வாரம் நிறுத்தப்படுபவை, வெள்ளையணுக்களைக் குறைக்கும். ரிபோசிக்லிப் இதயத் துடிப்பின் மின்னலையை மாற்றக்கூடும் என்பதால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், அதே காரணத்தால் டாமோக்சிபெனுடன் அதைச் சேர்ப்பதில்லை. அபெமாசிக்லிப் இடைவெளியின்றி நாள்தோறும் இருவேளை உட்கொள்ளப்படுகிறது. வயிற்றுப்போக்கு அதன் முதன்மைத் தொல்லை.

பாதைத் தடுப்பிகள்: எவரோலிமஸ், அல்பெலிசிப், கேபிவாசெர்டிப், இனவோலிசிப் ஆகியவை. ஏற்பியைத் தவிர்த்துச் செல்லும் மாற்று வளர்ச்சிப் பாதையை அடைக்கின்றன. வாய்ப்புண், இரத்தச் சர்க்கரை உயர்வு, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு ஆகியவற்றை மருந்துக்கேற்ப உண்டாக்கும்.

ஹார்மோன் சிகிச்சையா, கீமோதெரபியா?

வரிசையின் முதல் கேள்வி இதுவே. புற்றுநோய் கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது என்று கேட்டதும் "மாத்திரை போதாது, கடுமையான மருந்துதான் வேண்டும்" என்று குடும்பத்தினர் எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணத்தைச் சான்றுகள் ஆதரிக்கவில்லை. பன்னாட்டு வழிகாட்டு நெறிகள், உள்ளுறுப்புகளில் பரவியிருந்தாலும் ஹார்மோன் சார்ந்த சிகிச்சையையே முதலில் பரிந்துரைக்கின்றன.

இதற்கு விலக்கு உள்ளுறுப்பு நெருக்கடி எனப்படும் நிலை. உறுப்பில் கட்டி இருப்பது மட்டும் நெருக்கடி ஆகாது. கல்லீரல் செயலிழந்து மஞ்சள் காமாலை மிகுவது, நுரையீரல் பாதித்து ஓய்விலும் மூச்சுத்திணறல் வருவது போல, உறுப்பின் வேலையே விரைவாகக் கெடுவதுதான் நெருக்கடி. ஹார்மோன் மருந்தின் பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம் என்பதால், அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதவர்களுக்குக் கீமோதெரபி தேவைப்படுகிறது.

இந்த எல்லையைச் சோதித்த ரைட் சாய்ஸ் என்னும் ஆய்வில், மாதவிடாய் நிற்காத அல்லது நிற்கும் தறுவாயில் இருந்த, தீவிரமான நோய் கொண்ட 222 பெண்கள் பங்கேற்றனர். இரு கீமோதெரபி மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 12.8 மாதங்களும், ரிபோசிக்லிப்புடன் ஹார்மோன் சிகிச்சை பெற்றவர்களுக்கு 21.8 மாதங்களும் நோய் வளராமல் இருந்தது.

கீமோதெரபியையும் ஹார்மோன் மருந்தையும் ஒரே நேரத்தில் கொடுப்பது வழக்கமில்லை. கீமோதெரபியால் நெருக்கடி தணிந்தபின் ஹார்மோன் சிகிச்சைக்கு மாறித் தொடர்வது உண்டு.

வரிசையைத் தீர்மானிப்பவை

முந்தைய மருந்தின் பலன்

அடுத்த மருந்தைத் தேர்வதில் மிக முக்கியமான தடயம், முந்தைய மருந்து எவ்வளவு காலம் பலன் தந்தது என்பதாகும். தொடக்கநிலைப் புற்றுநோய்க்கு அறுவைக்குப்பின் ஹார்மோன் மாத்திரை தொடங்கி முதல் 2 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பினாலோ, பரவிய நோய்க்கான முதற்கட்ட ஹார்மோன் சிகிச்சையில் 6 மாதங்களுக்குள் நோய் வளர்ந்தாலோ அது முதன்மை எதிர்ப்பு எனப்படுகிறது. அதாவது நோய் தொடக்கம் முதலே அம்மருந்துக்குப் பெரிதாகக் கட்டுப்படவில்லை. 2 ஆண்டுகளுக்குப் பின் மாத்திரை உட்கொள்ளும்போதோ, மாத்திரையை முடித்த ஓராண்டுக்குள்ளோ திரும்பினால், அல்லது பரவிய நோய் 6 மாதங்களோ அதற்கு மேலோ கட்டுக்குள் இருந்து பின் வளர்ந்தால் அது இரண்டாம்நிலை எதிர்ப்பு. மாத்திரையை முடித்து ஓராண்டுக்கு மேல் கழித்து நோய் திரும்பியவர்கள் ஹார்மோன் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் வாய்ப்பு அதிகம்.

இதனால்தான் பழைய மருந்துச் சீட்டுகள் முக்கியமாகின்றன. எந்த மாத்திரை, எந்த மாதம் தொடங்கியது, எப்போது நின்றது, இடையில் விட்டுவிட்டு உட்கொண்டதுண்டா என்ற விவரம் இல்லாமல் இந்தப் பிரிவில் எதில் சேர்ப்பது என்று மருத்துவரால் கூற முடியாது.

மாதவிடாய் நிலை

மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு அரோமட்டேஸ் தடுப்பியைத் தனியாகக் கொடுக்கக்கூடாது. ஈஸ்ட்ரோஜன் குறைவதை மூளை உணர்ந்து சினைப்பையை மேலும் தூண்டும். சிகிச்சை பயனற்றுப் போகும். எனவே முதலில் சினைப்பையின் இயக்கத்தை நிறுத்த வேண்டும். கோசெரெலின் போன்ற ஊசியை மாதந்தோறும் போடலாம். அறுவை மூலம் சினைப்பைகளை அகற்றலாம். அதன்பின் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு உரிய வரிசையே இவருக்கும் பொருந்தும். கீமோதெரபிக்குப் பின் மாதவிடாய் வராமல் இருப்பதை மட்டும் வைத்துச் சினைப்பை முழுமையாக ஓய்ந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. சில மாதங்களில் அது மீண்டும் இயங்கக்கூடும். மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்களுக்கும், அரோமட்டேஸ் தடுப்பி கொடுப்பதானால் ஹார்மோனை அடக்கும் ஊசி சேர்க்கப்படுகிறது.

புதிய திசுப் பரிசோதனை

நோய் திரும்பும்போது, இயன்றால் பரவிய இடத்திலிருந்து மீண்டும் பயாப்சி எடுக்கப்படுகிறது. முதலில் ஏற்பி இருந்த புற்றுநோய் பின்னர் அதை இழந்திருக்கலாம். ஹெர்-2 நிலையும் மாறியிருக்கலாம். பல ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கையை மட்டும் வைத்து வரிசையை வகுப்பது தவறான திசையில் கொண்டுசெல்லக்கூடும்.

பிற நோய்கள்

கட்டுப்படாத நீரிழிவு உள்ளவருக்கு அல்பெலிசிப் பொருந்தாது. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு ரிபோசிக்லிப்பைத் தவிர்க்கலாம். நாள்பட்ட குடல் நோய் உள்ளவருக்கு அபெமாசிக்லிப் தொல்லை தரும். முன்பு இரத்தம் உறைந்தவருக்கு டாமோக்சிபென் ஏற்றதல்ல. ஆக, ஆய்வில் சிறந்ததாக நின்ற மருந்தே ஒருவருக்குச் சிறந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை.

முதற்கட்ட சிகிச்சை

இன்று பெரும்பாலானோருக்கு முதற்கட்ட சிகிச்சை, ஒரு ஹார்மோன் மருந்தும் ஒரு சி.டி.கே. 4/6 தடுப்பியும் சேர்ந்ததாகும். முன்பு ஹார்மோன் சிகிச்சை பெறாதவர்களுக்கும், அதை முடித்து ஓராண்டுக்கு மேலானவர்களுக்கும் அரோமட்டேஸ் தடுப்பி சேர்க்கப்படுகிறது. அரோமட்டேஸ் தடுப்பியை உட்கொள்ளும்போதே அல்லது முடித்த சில மாதங்களில் நோய் திரும்பியவர்களுக்குப் புல்வெஸ்ட்ரன்ட் சேர்க்கப்படுகிறது.

மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த மோனலீசா-2 ஆய்வில், லெட்ரோசோல் மட்டும் பெற்றவர்களுக்கு 16 மாதங்களும், ரிபோசிக்லிப் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 25.3 மாதங்களும் நோய் வளராமல் இருந்தது. மொத்த ஆயுள்காலம் 51.4 மாதங்களிலிருந்து 63.9 மாதங்களாக உயர்ந்தது. பலோமா-2 ஆய்வில் பால்போசிக்லிப் நோய் வளராத காலத்தை 14.5 மாதங்களிலிருந்து 24.8 மாதங்களாக உயர்த்தியது. ஆனால் மொத்த ஆயுளில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. இதனால் பல மருத்துவர்கள் முதற்கட்டத்தில் ரிபோசிக்லிப்பை முன்னிறுத்துகின்றனர்.

அறுவைக்குப்பின் தரும் ஹார்மோன் சிகிச்சையின்போதோ அதை முடித்த ஓராண்டுக்குள்ளோ நோய் திரும்பி, பி.ஐ.கே.3சி.ஏ. என்னும் மரபணுவிலும் மாற்றம் இருந்தால், புல்வெஸ்ட்ரன்ட், பால்போசிக்லிப், இனவோலிசிப் ஆகிய மூன்றையும் முதற்கட்டத்திலேயே சேர்த்துக் கொடுக்கும் முறை 2024 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கான ஆய்வில் நோய் வளராத காலம் 7.3 மாதங்களிலிருந்து 15 மாதங்களானது.

இரண்டாம் கட்டமும் அதன் பின்னரும்

முதற்கட்டம் பலனிழந்ததும், செல் எந்த வழியில் தப்பியது என்பதைக் கண்டறிய மரபணுப் பரிசோதனை செய்யப்படுகிறது. இரத்த மாதிரியில் மிதக்கும் புற்றுநோய் மரபணுத் துணுக்குகளைக் கொண்டும் இதைச் செய்யலாம்.

இ.எஸ்.ஆர்.1 மரபணு மாறியிருந்தால்: ஏற்பி தானாகவே இயங்குகிறது என்று பொருள். அரோமட்டேஸ் தடுப்பிக்கு இனிப் பலன் குறைவு. ஏற்பியைச் சிதைக்கும் மாத்திரையான எலாசெஸ்ட்ரன்ட் 2023 இல் இந்த நிலைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்பு சி.டி.கே. 4/6 தடுப்பி ஓராண்டுக்குக் குறையாமல் பலன் தந்தவர்களிடம், இது நோயை 8.6 மாதங்கள் கட்டுப்படுத்தியது. வழக்கமான ஹார்மோன் மருந்துகள் கட்டுப்படுத்தியது 1.9 மாதங்கள் மட்டுமே. முந்தைய கட்டம் எவ்வளவு நீடித்தது என்பது அடுத்த கட்டத்தை முன்கூட்டிக் காட்டுகிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

பி.ஐ.கே.3சி.ஏ. மாறியிருந்தால்: புல்வெஸ்ட்ரன்டுடன் அல்பெலிசிப் அல்லது கேபிவாசெர்டிப் சேர்க்கப்படுகிறது. சோலார்-1 ஆய்வில் அல்பெலிசிப் நோய் வளராத காலத்தை 5.7 மாதங்களிலிருந்து 11 மாதங்களாக உயர்த்தியது. ஏ.கே.டி.1, பி.டி.இ.என். ஆகிய மரபணுக்கள் மாறியவர்களுக்கும் கேபிவாசெர்டிப் பயன்படுகிறது.

பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் பிறவியிலேயே இருந்தால்: ஓலாபரிப், டலாசோபரிப் போன்ற மாத்திரைகள் கீமோதெரபிக்கு மாற்றாகின்றன. இம்மாற்றம் குடும்பத்தில் பிறருக்கும் இருக்கலாம் என்பதால் மகள், சகோதரி போன்றோருக்கும் மரபணு ஆலோசனை தேவைப்படும்.

குறிப்பிட்ட மாற்றம் எதுவும் இல்லையெனில்: எக்செமெஸ்டேன் அல்லது புல்வெஸ்ட்ரன்டுடன் எவரோலிமஸ் சேர்க்கலாம். பொலேரோ-2 ஆய்வில் எக்செமெஸ்டேன் மட்டும் 3.2 மாதங்களும், எவரோலிமஸ் சேர்ந்தபோது 7.8 மாதங்களும் நோயைக் கட்டுப்படுத்தின. ஸ்டீராய்டு கலந்த வாய் கொப்பளிக்கும் நீர், எவரோலிமஸ் தரும் வாய்ப்புண்ணைப் பெரிதும் குறைக்கிறது.

இவற்றுக்குப் பின்னரும் நோய் மெதுவாகவே வளருமானால் டாமோக்சிபென், மெஜஸ்ட்ரால் போன்ற பழைய மருந்துகளுக்கு இடமுண்டு. நீண்டகாலம் ஈஸ்ட்ரோஜன் இன்றி இருந்த புற்றுநோய்ச் செல்கள், ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் அழியவும் கூடும். ஹாடோ 1944 இல் கண்ட விளைவு இன்றும் அரிதாகப் பயன்படுகிறது. இரண்டு மூன்று கட்டங்களில் அடுத்தடுத்து விரைவாக நோய் வளர்ந்தால், ஹார்மோனை நம்பும் காலம் முடிந்தது எனக் கொண்டு கீமோதெரபிக்கோ, டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் போன்ற புதிய ஊசி மருந்துக்கோ செல்கின்றனர்.

வரிசையையே சோதித்த ஆய்வுகள்

புதிய மருந்து பழையதைவிட மேலானதா என்றே பெரும்பாலான ஆய்வுகள் கேட்கின்றன. அதே மருந்தை முன்னே கொடுப்பதா, பின்னே கொடுப்பதா என்று கேட்டவை மிகச் சில. நெதர்லாந்தில் 1,050 பேரிடம் நடந்த சோனியா ஆய்வு அத்தகையது. ஒரு குழு சி.டி.கே. 4/6 தடுப்பியை முதற்கட்டத்தில் அரோமட்டேஸ் தடுப்பியுடன் பெற்றது. மற்றொரு குழு முதலில் அரோமட்டேஸ் தடுப்பியை மட்டும் பெற்று, இரண்டாம் கட்டத்தில் புல்வெஸ்ட்ரன்டுடன் அத்தடுப்பியைப் பெற்றது. இரு கட்டங்களும் முடிய ஆன காலம், முன்னே பெற்றவர்களுக்கு 31 மாதங்கள், பின்னே பெற்றவர்களுக்கு 26.8 மாதங்கள். புள்ளியியல்படி இந்த வேறுபாடு உறுதியானதாக இல்லை. முன்னே பெற்றவர்கள் அந்த விலையுயர்ந்த மாத்திரையை 16.5 மாதங்கள் கூடுதலாக உட்கொண்டனர். கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம்.

இந்த முடிவை எல்லோருக்கும் பொருத்த முடியாது. பங்கேற்றோரில் மிகப் பெரும்பாலோர் பெற்றது பால்போசிக்லிப். ஆயுளை நீட்டிய சான்று கொண்ட ரிபோசிக்லிப்பைப் பெற்றவர்கள் சிலரே. எனினும் வயது முதிர்ந்த, எலும்பில் மட்டும் மெதுவாக வளரும் நோய் கொண்ட ஒருவர் முதலில் ஒரு மாத்திரையுடன் தொடங்குவது தவறாகாது என்பதை இது காட்டுகிறது.

மருந்தை எப்போது மாற்றுவது என்பதும் ஆராயப்படுகிறது. பிரான்சில் நடந்த பாடா-1 ஆய்வில், ஸ்கேனில் நோய் வளர்வதற்கு முன்பே இரத்தத்தில் இ.எஸ்.ஆர்.1 மாற்றம் தெரிந்தவர்களுக்கு அரோமட்டேஸ் தடுப்பிக்குப் பதில் புல்வெஸ்ட்ரன்ட் கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு நோய் வளராத காலம் 11.9 மாதங்கள், மாற்றாமல் தொடர்ந்தவர்களுக்கு 5.7 மாதங்கள்.

மாற்றக்கூடாத நேரங்கள்

கையிலுள்ள மருந்துகள் எண்ணிக்கையில் குறைவு. பலன் தந்துகொண்டிருக்கும் மருந்தை அவசரப்பட்டு நிறுத்தினால் ஒரு கட்டம் வீணாகிறது. மூன்று சூழல்களில் இது நேர்கிறது.

முதலாவது, சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் எலும்பு வலி கூடுவதும், எலும்பு ஸ்கேனில் புண் ஆறும் இடங்கள் புதிய புள்ளிகளாகத் தெரிவதும் உண்டு. இவை மருந்து வேலை செய்வதன் அறிகுறியாகவும் இருக்கலாம். இரண்டாவது, சி.ஏ. 15-3 போன்ற இரத்தக் குறியீடு சற்று உயர்வதை மட்டும் வைத்து மருந்தை மாற்றுவதில்லை. ஸ்கேனும் நோயாளியின் நிலையும் சேர்த்துப் பார்க்கப்படும். மூன்றாவது, பக்கவிளைவு. வெள்ளையணுக்கள் குறைந்தால் சில நாள் நிறுத்தி அளவைக் குறைத்துத் தொடரலாம். அளவைக் குறைப்பதும் மருந்தைக் கைவிடுவதும் ஒன்றல்ல.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கட்டி வளர்ந்து, மற்ற இடங்கள் கட்டுக்குள் இருந்தால், அவ்விடத்திற்குக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டு அதே மருந்தைத் தொடர்வதும் உண்டு.

எடுத்துக்காட்டுகள்

கீழ்க்காணும் மூவரும் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவர்கள்.

முதலாமவருக்கு வயது 62. ஐந்தாண்டு டாமோக்சிபென் முடித்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் முதுகெலும்பில் நோய் தெரிகிறது. மருந்து நின்று நெடுங்காலம் ஆகிவிட்டதால் நோய் ஹார்மோனுக்குக் கட்டுப்படும் எனலாம். அரோமட்டேஸ் தடுப்பியுடன் சி.டி.கே. 4/6 தடுப்பியும், எலும்பு வலுவுக்குச் சோலெட்ரானிக் அமில ஊசியும் பொருந்தும்.

இரண்டாமவருக்கு வயது 41. டாமோக்சிபென் தொடங்கிய 14 ஆம் மாதத்திலேயே கல்லீரலில் நோய். இது முதன்மை எதிர்ப்பு. கல்லீரல் நன்றாக இயங்கினால், சினைப்பையை அடக்கி, புல்வெஸ்ட்ரன்டும் சி.டி.கே. 4/6 தடுப்பியும் கொடுக்கலாம், பி.ஐ.கே.3சி.ஏ. சோதனையை இப்போதே செய்வது நல்லது. காமாலை மிகுந்து வந்தால் கீமோதெரபி முதலில்.

மூன்றாமவருக்கு வயது 70, நீரிழிவும் உண்டு. லெட்ரோசோலும் பால்போசிக்லிப்பும் மூன்று ஆண்டுகள் பலன் தந்தன. இப்போது இடுப்பெலும்பில் சிறு வளர்ச்சி. நீண்ட பலன் கிடைத்ததால் மீண்டும் ஹார்மோன் வழியே சரியானது. இ.எஸ்.ஆர்.1 மாறியிருந்தால் எலாசெஸ்ட்ரன்ட், பி.ஐ.கே.3சி.ஏ. மாறியிருந்தால், சர்க்கரையை அல்பெலிசிப் அளவுக்கு உயர்த்தாத கேபிவாசெர்டிப்.

செலவும் வரிசையும்

டாமோக்சிபெனும் அனஸ்ட்ரசோலும் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை, விலை குறைந்தவை. புதிய மருந்துகள் அப்படியல்ல. இந்தியாவில் பால்போசிக்லிப்பின் காப்புரிமை 2023 சனவரியில் முடிந்ததும் பல நிறுவனங்கள் அதே மருந்தைப் பொதுப்பெயரில் வெளியிட்டன. விலை பெருமளவு குறைந்தது. இதனால் முன்பு எட்டாத மருந்து பலருக்கு முதற்கட்டத்திலேயே கிடைக்கிறது. மாதந்தோறும் ஊசிக்குச் செலவிட இயலாத இளம்பெண்ணுக்கு ஒருமுறை செய்யும் சினைப்பை அகற்றும் அறுவை குறைந்த செலவில் அதே பலனைத் தருகிறது.

பணம் போதாதபோது மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்வது நல்லது. மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொண்டு இழுத்துப் பிடித்தால், மருந்து பலனிழந்ததா, போதிய அளவு செல்லவில்லையா என்று பிரித்தறிய முடியாது, வரிசையே குழம்பிவிடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இக்கட்டுரை பொது அறிவுக்கானது. சிகிச்சை முடிவுகளைப் புற்றுநோய் மருத்துவரே எடுக்க வேண்டும். நோயாளியும் குடும்பத்தினரும் பின்வருவனவற்றைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

1. பரவிய இடத்தில் ஏற்பி, ஹெர்-2 சோதனை மீண்டும் செய்யப்பட்டதா?
2. முந்தைய மருந்தின் பலனை எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள்: முதன்மை எதிர்ப்பா, இரண்டாம்நிலை எதிர்ப்பா?
3. கீமோதெரபி இப்போதே தேவைப்படும் நெருக்கடி உள்ளதா?
4. மரபணுப் பரிசோதனை எப்போது செய்யப்படும்? அதன் முடிவு மருந்தை மாற்றுமா?
5. இந்த மருந்து பலனளிக்கிறது என்பதை எப்போது, எந்தச் சோதனையால் அறிவோம்?
6. இதன் பலன் நின்றால் அடுத்தது என்ன?

கடைசிக் கேள்வி பலருக்குக் கேட்கத் தயக்கம் தருவது. ஆனால் அடுத்த படி என்னவென்று தெரிந்திருப்பவருக்கு, ஒரு மருந்தின் பலன் நின்றது என்ற செய்தி சிகிச்சையே முடிந்துவிட்டது என்பதாக ஒலிப்பதில்லை.